டிராம்பே சாலையின் திரைகள்: படமாக்கப்பட்டவர்கள் பார்வையாளர்களான வரலாறு

சயானிலிருந்து செம்பூர், தேவ்னார் வழியாக டிராம்பே நோக்கிச் செல்லும் பழைய சாலைக்கு இன்று வி. என். புரவ் மார்க் என்று பெயர். மும்பைத் தமிழர்களில் மூத்தவர்கள் இன்றும் அதைச் சயான் டிராம்பே ரோடு என்றே சொல்வர். இந்திய சுதந்திரத்தை அடுத்த சில ஆண்டுகளுக்குள் இச்சாலையை ஒட்டி மூன்று நிறுவனங்கள் வந்தமர்ந்தன. 1948இல் ராஜ்கபூர் தொடங்கிய ஆர்.கே. ஃபிலிம்ஸ் தன் ஸ்டூடியோவைச் செம்பூரில் அமைத்தது. 1954 ஜனவரி 3 அன்று டிராம்பேயில் அணுசக்தி ஆய்வு நிலையம் நிறுவப்பட்டது. ஹோமி பாபாவின் மறைவுக்குப் பின் 1967இல் அதற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அதே 1954இல் டாடா சமூக அறிவியல் நிறுவனம் தேவ்னார் வளாகத்துக்கு இடம்பெயர்ந்தது. படம் எடுப்பவர்கள், அணுவைப் பிளப்பவர்கள், சமூகத்தை ஆராய்பவர்கள் என மூன்று வகையினர் ஒரே சாலையில் குடியேறினர். இம்மூவருக்கும் நடுவே கோலி மீனவர்களும், சுத்திகரிப்பு ஆலைகளையும் அனல்மின் நிலையத்தையும் நம்பி வந்த கூலித் தொழிலாளரும், நகரின் தென்பகுதியிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களும் வாழ்ந்தனர். அவர்களில் தமிழர் கணிசம்.

டிராம்பேயில் கலைப்படங்களுக்கென்று ஒரு திரையரங்கு நிலைபெற்றதாக வரலாறு இல்லை. உலக சினிமாவைக் காண விரும்பியவர் நகரின் தென்முனைக்குப் போயாக வேண்டும். டிராம்பேக்குப் பயணிகள் ரயில்கூட இன்று கிடையாது. அந்தேரியிலிருந்து டிராம்பே வரை 1928இல் ஓடத் தொடங்கிய சால்செட் டிராம்பே ரயில், ஆறே ஆண்டுகளில் 1934இல் நின்றுவிட்டது. அதன்பின் பேருந்தில் மான்கூர்டோ செம்பூரோ வந்து ஹார்பர் ரயில் பிடிக்க வேண்டும். இந்தத் தொலைவை வெறும் பயண நேரமாகக் கொண்டால் இப்பகுதியின் திரைப்பட வரலாறு பிடிபடாது. உலகத் திரைவிழாக்களில் இந்த மண் பலமுறை திரையில் தோன்றியிருக்கிறது. அத்திரையின் முன்னால் இந்த மண்ணின் மக்கள் எப்போது அமர்ந்தார்கள் என்பதுதான் இங்கே ஆராயப்பட வேண்டிய கேள்வி.

இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா 1952 ஜனவரி 24 அன்று பம்பாயில் தொடங்கியது. பின்னர் மதராஸ், டில்லி, கல்கத்தா நகரங்களுக்குச் சென்றது. ஃபிலிம்ஸ் டிவிஷன் ஏற்பாடு செய்த அவ்விழாவில்தான் டி சிக்காவின் ‘சைக்கிள் திருடர்கள்’, ‘மிலானில் அதிசயம்’, ரோசலினியின் ‘ரோம், திறந்த நகரம்’ போன்ற இத்தாலியப் படங்களை இந்தியத் திரைக்கலைஞர்கள் பலர் ஒருசேரப் பார்த்தனர். ஸ்டூடியோவுக்கு வெளியே வந்து, தொழில்முறை நடிகர் அல்லாதோரை வைத்து, தெருவையே களமாக்கிப் படம் எடுக்கலாம் என்ற எண்ணம் இங்கு வேர்கொள்ள அவ்விழா ஒரு தூண்டுதல். பிமல் ராயின் ‘தோ பீகா ஜமீன்’ மறு ஆண்டே வந்தது.

செம்பூருக்கும் இதில் நேரடிப் பங்கு உண்டு. ஆர்.கே. நிறுவனத்தின் ‘ஆவாரா’ 1953இல் கான் விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்றது. தெருவில் காலணி துடைக்கும் குழந்தைகளைப் பற்றிய ‘பூட் பாலிஷ்’ படத்தில் நடித்த சிறுமி பேபி நாஸுக்கு 1955 கான் விழாவில் சிறப்புப் பாராட்டு கிடைத்தது. சோம்பு மித்ராவும் அமித் மைத்ராவும் இயக்கிய ‘ஜாக்தே ரஹோ’ 1957இல் கார்லோவி வாரி விழாவின் பெரும்பரிசை வென்றது. தாகத்துக்குத் தண்ணீர் தேடி நகரத்து அடுக்குமாடிக் கட்டடமொன்றில் நுழையும் கிராமத்தானைத் திருடன் என்று விரட்டும் கதை அது. ஆர்.கே. ஸ்டூடியோ இன்று வணிகப் பகட்டின் சின்னமாகவே நினைவுகூரப்படுகிறது. ஐம்பதுகளில் உலகத் திரைவிழாக்களில் இந்தியா பெற்ற கவனத்தில் ஒரு பகுதி இந்தச் சாலையோரம் உருவானது என்பது மறந்துபோன செய்தி. ஆனால் தண்ணீருக்கு வரிசையில் நிற்பது அச்சாலையின் சுற்றுப்புறத்தில் அன்றாடம். அப்படம் எங்கோ செக்கோஸ்லோவாக்கியாவில் பரிசு பெற்றபோது அவ்வரிசையில் நின்றவர்களுக்கு அது எட்டியிருக்குமா என்பது ஐயமே.

திரைப்படச் சங்கங்களின் காலம் இதற்குப் பின்னர் வருகிறது. 1947இல் கல்கத்தாவில் சத்யஜித் ரேயும் சிதானந்த தாஸ்குப்தாவும் தொடங்கிய சங்கம் அனைவரும் அறிந்தது. 1959 டிசம்பரில் இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானது. ரே அதன் தலைவர். துணைத் தலைவர்களுள் ஒருவர் மதராஸின் அம்மு சுவாமிநாதன். பம்பாயில் ‘ஃபிலிம் ஃபோரம்’ அறுபதுகளில் இயங்கியது. பிளிட்ஸ் இதழில் கேலிச்சித்திரம் வரைந்துகொண்டிருந்த பாசு சாட்டர்ஜி அதன் தூண்களுள் ஒருவர், பின்னாளில் ‘சாரா ஆகாஷ்’ எடுத்தவர். 1968இல் மராத்தி ரசிகர்களை மையமாகக் கொண்டு ‘பிரபாத் சித்ர மண்டல்’ பிறந்தது.

இச்சங்கங்கள் இயங்கிய விதம் கவனத்துக்குரியது. உறுப்பினர்களிடம் சந்தா பெறப்படும். நுழைவுச் சீட்டு விற்பனை இல்லை. படங்கள் தூதரகங்களிடமிருந்தும், 1964இல் புனேயில் நிறுவப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் இரவல் நூலகத்திலிருந்தும், பெரும்பாலும் 16 மி.மீ. பிரதிகளாக வரும். இந்திரா காந்தி செய்தி ஒலிபரப்பு அமைச்சராக இருந்த அறுபதுகளின் நடுவில், கூட்டமைப்பின் சங்கங்களுக்குத் தணிக்கை விலக்கு கிடைத்தது. பொதுமக்கள் பார்க்கக் கூடாதெனக் கருதப்பட்டதைச் சந்தா கட்டியவர் பார்க்கலாம் என்பதே அவ்விலக்கின் உட்பொருள். பண்பட்ட பார்வையாளர், பண்படாத பார்வையாளர் என்ற பாகுபாடு அதில் சட்டமாகவே பதிந்துவிட்டது. ‘சங்கத்தில் ஓடும் படம்’ என்று சொல்லிக் கண்சிமிட்டும் வழக்கமும் அப்போது பிறந்ததுதான். சிலர் கோதாரைப் பார்க்க வந்தனர், சிலர் வேறு எதையோ பார்க்க வந்தனர்.

இந்தச் சங்க வடிவம் மாட்டுங்காத் தமிழருக்குப் புதிதன்று. ஆண்டுச் சந்தா, மாத நிகழ்ச்சி நிரல், உறுப்பினர் இருக்கை, நிகழ்ச்சிக்குப் பின் வாசலில் விவாதம் என்பதெல்லாம் சபா வழக்கம். 1952இல் தொடங்கிய சண்முகானந்தா சபாவும், அது 1963இல் எழுப்பிய பேரரங்கமும் அவ்வழக்கத்தின் உச்சம். குமாஸ்தாக்களும் சுருக்கெழுத்தாளர்களும் கணக்கர்களுமாக வந்த ஒரு தலைமுறை, சம்பளத்தில் ஒரு பகுதியைக் கலைக்கென ஒதுக்கும் பழக்கத்தைச் சபாவில்தான் கற்றது. ஆயினும் அந்தச் சபைத் தமிழர் கச்சேரிக்குக் கொடுத்த இடத்தைச் சினிமாவுக்குக் கொடுக்கவில்லை. சினிமா என்றால் கிங்ஸ் சர்க்கிளில் உள்ள அரோரா திரையரங்கு. தமிழ்ப்படம் ஓடும் அரங்கு என மும்பை முழுதும் அறியப்பட்ட அங்கே தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருவர். ரஜினி படம் வெளியாகும் நாளில் கட்அவுட்டுக்குப் பாலாபிஷேகம் நடக்கும். ஆக, ஒரே மாட்டுங்காவில் கலைக்கு ஒரு கூடமும் திரைக்கு ஒரு கொட்டகையும் இருந்தன. கலைப்படம் என்னும் மூன்றாவது பொருளுக்கு இரண்டிலும் வசதியான இருக்கை இல்லை.

தமிழிலேயே நிலைமை அவ்வாறுதான் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சேரி மக்களின் வாழ்வை எடுத்துக்காட்டிய ஜெயகாந்தனின் ‘உன்னைப்போல் ஒருவன்’ 1965இல் வெளிவந்து தேசிய விருதுகளில் மூன்றாவது சிறந்த படத்துக்கான நற்சான்று பெற்றது. வணிகத் திரையரங்குகளில் அது நிலைக்கவில்லை. மாற்றுப்படத்துக்குச் சங்கமே புகலிடம் என்ற நிலை சென்னைக்கும் பம்பாய்க்கும் பொது.

எழுபதுகளில் அரசின் திரைப்பட நிதிக் கழகம் கடன் கொடுத்து உருவான படங்களுக்கும் அதே சிக்கல் எழுந்தது. படம் இருக்கும், அரங்கு இருக்காது. நரிமன் முனைப் பகுதியில் அமைந்த ஆகாஷ்வாணி அரங்கம் அத்தகைய படங்களின் வழக்கமான முகவரியாயிற்று. அங்கே மாலைக் காட்சி முடிந்தபின் ஹார்பர் ரயிலில் செம்பூருக்கோ மான்கூர்டுக்கோ திரும்பி, பின் பேருந்துக்குக் காத்திருந்து வீடு சேர வேண்டும். ஆலையில் இரண்டாம் ஷிப்ட் வேலை செய்பவருக்கு இது இயலாது. பெண்களுக்கு அதைவிட இயலாது. நகரத்துக் கலைப்படப் பார்வையாளர் கூட்டம் மாலையில் ஓய்வுள்ள, தென்பகுதியில் அலுவலகம் உள்ள, இரவில் தனியே திரும்பத் தயங்காத ஆண்களால் பெரிதும் நிரம்பியதற்கு ரசனை மட்டும் காரணமாகாது. ரயில் அட்டவணைக்கும் அதில் பங்குண்டு.

இக்காலத்தில் டிராம்பேயில் நடந்தது வேறொன்று. நகரின் தென்பகுதியிலிருந்து அகற்றப்பட்டவர்களை ஐம்பதுகளின் தொடக்கத்தில் மாநகராட்சியே மான்கூர்டை ஒட்டிய வெட்டவெளியில் கொண்டுவந்து குடியமர்த்தியது. அக்குடியிருப்பு ஜனதா காலனி எனப்பட்டது. சதுப்பை மேடாக்கி, குழாய்க்கும் பள்ளிக்கும் போராடி, மக்களே அதை ஊராக்கினர். பின்னர் அருகிலிருந்த அணு ஆய்வு நிலையத்தின் ஊழியர் குடியிருப்புக்காக அந்நிலம் தேவைப்பட்டது. எதிர்ப்பை ஒருங்கிணைத்தவர் ஜோக்கின் அற்புதம். கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். பதின்வயதில் பம்பாய் வந்து அந்தக் காலனியிலேயே வாழ்ந்தவர். குப்பை அள்ளப்படாததைக் கண்டித்து, காலனிப் பிள்ளைகளைச் சுற்றுலா என்று திரட்டி, ஆளுக்கொரு பொட்டலம் குப்பையை எடுத்துப்போய் மாநகராட்சி அலுவலகத்தின் முன் கொட்டச் செய்த கதை புகழ்பெற்றது. காட்சிக்கு என்ன வலிமை உண்டு என்பதைத் திரைப்படக் கல்லூரிக்குப் போகாமலே அவர் அறிந்திருந்தார்.

மனு, ஊர்வலம், நீதிமன்றத் தடை என்று ஆண்டுக்கணக்கில் நீண்ட அப்போராட்டம் நெருக்கடி நிலையில் முறிந்தது. 1976 மே மாதத்தில் ஜனதா காலனி இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 70,000 பேர் டிராம்பேயின் சதுப்பு ஓரத்துக்கு மாற்றப்பட்டனர். சீதா கேம்ப் என்ற பெயர் அவ்விடத்துக்கு நிலைத்தது. தமிழ் இந்துக்களும் தமிழ் முஸ்லிம்களும் கிறித்தவர்களும் அடுத்தடுத்த சந்துகளில் வாழும் அக்குடியிருப்பு அன்று பிறந்ததாகும். பத்திரிகைகள் தணிக்கைக்குட்பட்டிருந்த அந்நாட்களில் ஓர் ஊர் முழுதும் பெயர்க்கப்பட்டதற்கு நகரம் பெரிதாகத் திரும்பிப் பார்க்கவில்லை. அற்புதம் பின்னாளில் தேசியக் குடிசைவாழ் மக்கள் கூட்டமைப்பின் தலைவராகவும், 2000ஆம் ஆண்டின் மகசேசே விருதாளராகவும் உலகம் அறிந்தவரானார். 2018 அக்டோபரில் மறைந்தார்.

ஜனதா காலனிக்குக் கிட்டாத கேமரா அடுத்த பெரும் இடிப்பின்போது நகரில் இருந்தது. 1981இல் நடைபாதைவாசிகளை வெளியேற்ற மாநில அரசு முனைந்தது. அது உச்ச நீதிமன்றம் வரை சென்று, வாழ்வாதார உரிமையும் வாழும் உரிமையின் பகுதியே என்று ஏற்றுக்கொண்டு, ஆனால் முறைப்படி அறிவிப்புக் கொடுத்து வெளியேற்றலாம் எனவும் கூறிய 1985 ஜூலை தீர்ப்பாக முடிந்தது. அதே 1985இல் ஆனந்த் பட்வர்தனின் ‘ஹமாரா ஷஹர்’ வெளிவந்தது. ஆங்கிலத்தில் ‘பம்பாய், நம் நகரம்’ என்று பெயர். நகரைக் கட்டுபவர்களுக்கு நகரில் இடமில்லை என்பதைக் குடிசைவாசிகளின் பேச்சும் வசதிபடைத்தவர்களின் பேச்சும் மாறிமாறி ஒலிக்கக் காட்டும் படம் அது.

அப்படத்தில் ஒரு கட்டம் உண்டு. இடிபட்ட தன் குடிசையின் எதிரே நிற்கும் ஒரு பெண் கேமராவை நோக்கிச் சீறுகிறாள். எளியவர்களைப் படமெடுத்துப் பெயர் வாங்கவே வந்திருக்கிறீர்கள், உங்களால் எங்களுக்கு என்ன ஆகப்போகிறது என்பது அவள் கேள்வியின் சாரம். பட்வர்தன் அதை வெட்டி எறியவில்லை. அவளுக்கு மறுமொழியும் சொல்லவில்லை. படத்திற்குள் அக்கேள்வி அப்படியே நிற்கிறது. இந்திய ஆவணப்பட வரலாற்றில் பார்வையாளரை இதைவிட நெளியவைக்கும் கணங்கள் சிலவே. விழா அரங்கின் குளிர்ந்த இருட்டில் அமர்ந்து அதைக் காண்பவருக்கு அவள் தம்மையும் சேர்த்தே கேட்கிறாள் என்பது உறைக்காமல் போகாது.

அக்கேள்விக்கு ஒரு பாதி விடை படத்தின் திரையிடல் முறையில் இருந்தது. ‘ஹமாரா ஷஹர்’ தேசிய விருது பெற்றது. தூர்தர்ஷன் ஒளிபரப்ப முன்வரவில்லை. நான்கு ஆண்டு வழக்குக்குப் பிறகே தொலைக்காட்சிக்கு வந்தது. இதனிடையே படம் விழாக்களுக்கும் சங்கங்களுக்கும் போனது போலவே குடிசைப்பகுதிகளுக்கும் போனது. திரைப்பட வரலாற்று நூல்கள் முன்னதை ஆண்டு, விருது, பிரிவு எனக் குறித்துவைக்கின்றன. பின்னதைப் போகிறபோக்கில் ஒரு வரியில் சொல்லி முடிக்கின்றன.

அந்த ஒரு வரிக்குள் என்ன இருக்கிறது என்பதைச் சற்று விரித்துப் பார்க்கலாம். 16 மி.மீ. படச்சுருளின் பெரிய வட்டு 1,600 அடி கொள்ளும். நிமிடத்துக்கு 36 அடி வீதம் ஓடினால் 44 நிமிடம். ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட படமென்றால் ஒரே புரொஜக்டர் உள்ள இடத்தில் நடுவில் நிறுத்திச் சுருள் மாற்றித்தான் ஆகவேண்டும். புரொஜக்டரை இருவர் சேர்ந்து தூக்கி வருவர். மின்சாரத்துக்கு ஒரு கடைக்காரரின் தயவு வேண்டும். முழுதும் இருட்டிய பின்பே தொடங்க முடியும். தண்ணீர் வரும் நேரத்தில் தொடங்கினால் கூட்டம் பாதியாகிவிடும். சுருள் மாற்றும் இடைவெளியில் பேச்சு எழும். விழா அரங்கில் இயக்குநருடன் கேள்வி பதில் என்பது படம் முடிந்தபின் நடக்கும் சடங்கு. சந்துத் திரையிடலில் அது படத்தின் நடுவிலேயே நடந்துவிடும்.

மும்பையின் சால் மக்களுக்கு இது அந்நியமான காட்சியன்று. கணேசோத்சவ நாட்களில் முற்றத்தின் குறுக்கே வெள்ளைத்துணி கட்டி, திரையின் இருபுறமும் அமர்ந்து படம் பார்ப்பது நெடுங்கால வழக்கம். மறுபுறம் அமர்ந்தவருக்கு நாயகன் இடக்கையால் உண்பான். அதனால் ரசனைக்குக் குறைவில்லை. ஆனால் கீழே எழுத்து ஓடும் அயல்மொழிப் படத்தை அவ்வாறு பார்க்க இயலாது. துணியின் ஒரு பக்கம் மட்டுமே படிக்கத்தக்கது. அந்த எழுத்தும் ஆங்கிலம். கலைப்படத்துக்கும் உழைக்கும் மக்களுக்கும் இடையிலான தூரத்தைப் பற்றிப் பேசுபவர்கள் மக்களின் பொறுமையின்மையையே காரணமாகச் சொல்வதுண்டு. துணைத்தலைப்பின் மொழி பற்றி அவர்கள் அரிதாகவே பேசுகின்றனர். மக்களின் மொழியிலேயே மக்கள் பேசும் ஆவணப்படம் சந்தைக் கடந்து சந்துக்குள் வந்ததற்கும், உலகத்தின் தலைசிறந்த கதைப்படங்கள் வராததற்கும் இந்த எளிய காரணமும் உண்டு.

இதே பழக்கத்தின் தொடர்ச்சியை ‘ஜெய் பீம் காம்ரேட்’ படத்திலும் காணலாம். 1997 ஜூலை 11 அன்று காட்கோபர் ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலை அவமதிக்கப்பட்டதை எதிர்த்துத் திரண்டவர்கள் மீது போலீஸ் சுட்டதில் பத்துப் பேர் இறந்தனர். நான்கு நாள் கழித்துப் பாடகர் விலாஸ் கோக்ரே தூக்கிட்டுக்கொண்டார். ‘ஹமாரா ஷஹர்’ படத்தில் பாடியவர் அவர். அவர் மரணத்திலிருந்து தொடங்கிப் பதினான்கு ஆண்டுகள் எடுக்கப்பட்ட மூன்று மணிநேரத்துக்கும் மேற்பட்ட அப்படம் நகரின் தலித் குடியிருப்புகளில் திறந்தவெளியில் திரையிடப்பட்டது. மூன்று மணிநேர ஆவணப்படத்தை யார் பார்ப்பார்கள் என்று பட விநியோகஸ்தர் கேட்கக்கூடும். தரையில் அமர்ந்திருந்தவர்கள் பார்த்தனர்.

டிராம்பே என்னும் பெயர் தன்னளவிலேயே ஆவணப்படத்தின் பொருளானது அணுகுண்டால். 1974 பொக்ரான் சோதனைக்கான புளூட்டோனியம் டிராம்பேயின் சைரஸ் அணு உலையிலிருந்து வந்தது. 1998 சோதனைகளுக்குப் பின் இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் படமாக்கப்பட்ட பட்வர்தனின் ‘ஜங் அவுர் அமன்’ 2002 மும்பை சர்வதேச ஆவணப்பட விழாவில் பரிசு பெற்றது. அதே ஆண்டில் தணிக்கை வாரியம் அப்படத்தில் 21 வெட்டுகள் கோரியது. அரசின் ஒரு கை பரிசளித்ததை மற்றொரு கை வெட்டச் சொன்னது. 2003இல் பம்பாய் உயர் நீதிமன்றத் தீர்ப்பால் வெட்டின்றி வெளிவந்தது.

அதன் எதிரொலியை அடுத்த விழாவிலேயே காணலாம். 2004 விழாவுக்கு இந்தியப் படங்கள் தணிக்கைச் சான்றுடன்தான் வரவேண்டும் என்று விதிக்கப்பட்டது. வெளிநாட்டுப் படங்களுக்கு அவ்விதி இல்லை. ஆவணப்படக்காரர்கள் திரண்டு எதிர்த்ததில் சான்று விதி கைவிடப்பட்டது. பின்னர், தேர்வில் பல முக்கியப் படங்கள் ஒதுக்கப்பட்டன என்ற குற்றச்சாட்டு எழ, ‘விகல்ப்’ என்ற பெயரில் ஒரு மாற்று விழா பிறந்தது. பிரபாதேவியில் உள்ள பூபேஷ் குப்தா பவனில், அரசு விழா நடந்த அதே நாட்களில், நுழைவு எவர்க்கும் திறந்திருக்க அது நடந்தது. அறுபதுகளில் உறுப்பினர் அட்டை உள்ளவருக்கு மட்டும் கிடைத்த தணிக்கை விலக்கையும் இதையும் ஒப்பிட வேண்டும். இம்முறை விலக்கு கேட்டவர்கள் அதைத் தமக்கு மட்டும் கேட்கவில்லை.

தமிழ்நாட்டிலிருந்தும் இவ்வரலாற்றுக்கு ஒரு கண்ணி நீள்கிறது. மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் மணலில் மோனசைட் உண்டு. அதில் தோரியம் உண்டு. இந்தியாவின் தோரியம் ஆலை 1955இல் டிராம்பேயில் இயங்கத் தொடங்கியது. 1998 முதல் மதுரையில் ஆவணப்பட, குறும்பட விழாவை நடத்திவரும் ஆர். பி. அமுதன், ‘கதிர்வீச்சுக் கதைகள்’ வரிசையில் முதலில் எடுத்துக்கொண்டது மணவாளக்குறிச்சியை. அடுத்து கல்பாக்கம், கூடங்குளம். கன்னியாகுமரி மாவட்டத்து மணலும் டிராம்பேயின் ஆலையும் ஒரே தொழிற்சங்கிலியின் இரு முனைகள். ஒரு முனையைத் தமிழ் ஆவணப்படம் காட்டியிருக்கிறது. மறுமுனையில், ஆலைச் சுவருக்கு வெளியே வாழும் தமிழர்களின் கதையைத் தமிழில் எடுத்த படம் இவ்வளவு பேசப்படவில்லை.

இச்சாலையின் மூன்றாவது நிறுவனமான டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் பங்கு எண்பதுகளுக்குப் பின் தெளிவாகிறது. அதன் ஊடகப் பிரிவில் பணியாற்றிய அஞ்சலி மொந்தெய்ரோவும் கே. பி. ஜெயசங்கரும் இணைந்து எடுத்த படங்கள் ஒரு தனி மரபாகும். 2003இல் வந்த ‘நாதா’ தாராவியின் இரு நண்பர்களைப் பற்றியது. பாவு கோர்டே ஓர் இந்து. வக்கார் கான் ஒரு முஸ்லிம். 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் நகரம் எரிந்தபோது, ஸ்ரீகிருஷ்ணா ஆணையக் கணக்கின்படி 900 பேர் இறந்தனர். தாராவி கடுமையாகத் தாக்கப்பட்ட பகுதிகளுள் ஒன்று. அதன்பின் நான்கு மதங்களின் உடையில் நான்கு சிறுவர் நிற்க, நாம் அனைவரும் ஒன்று என்ற வாசகத்துடன் வக்கார் கான் அச்சிட்டுப் பரப்பிய சுவரொட்டி காவல் நிலையங்களிலும் கடைகளிலும் ஒட்டப்பட்டது. ‘நாதா’வின் சிறப்பு, அந்த இருவரையும் அது வெறும் பொருளாக வைத்துப் பார்க்காமல் படிமம் செய்பவர்களாக மதித்ததில் இருக்கிறது. படம் எடுத்தவர்களும் தம் சொந்த அடையாளங்களை அதே படத்தில் விசாரணைக்கு உட்படுத்திக்கொள்கின்றனர். ‘ஹமாரா ஷஹர்’ பெண்மணியின் கேள்வி பதினெட்டு ஆண்டுகளில் வந்தடைந்த இடம் இது என்று சொல்வது மிகையாகாது. இதே இருவர் தமிழ்நாட்டுத் திருநங்கையரின் வாழ்வைப் பற்றி 2007இல் எடுத்த ‘அவர் ஃபேமிலி’ இங்கு தமிழில் போதிய அளவு பேசப்படாத படம்.

அந்நிறுவனம் மாணவர் ஆவணப்படங்களுக்கென ‘கட் இன்’ என்னும் விழாவையும் நடத்தியது. டிராம்பே சாலையில் நடந்த திரைவிழா என்று துணிந்து சொல்லத்தக்கது அதுவே. ஆயினும் வளாகத்துக்கு ஒரு வாயில் உண்டு. வாயிலில் காவலர் உண்டு. அனுமதி இலவசமாக இருந்தாலும் உள்ளே போகலாம் என்று தோன்றுவது எல்லோருக்கும் ஒரேபோல் நிகழ்வதில்லை. 2009இல் வெளியான மும்பை மனிதவள மேம்பாட்டு அறிக்கையில், நகரின் 24 வார்டுகளில் கடைசி இடம் இச்சாலையின் எம் கிழக்கு வார்டுக்கு. டிராம்பே, சீதா கேம்ப், மான்கூர்ட், கோவண்டி, தேவ்னார் குப்பைமேடு எல்லாம் அதனுள் அடக்கம். அந்த ஆண்டுதான் ‘ஸ்லம்டாக் மில்லியனேர்’ எட்டு ஆஸ்கர்களை வென்றது. தலைப்பில் இருந்த ‘நாய்’ யாரைக் குறிக்கிறது என்று கேட்டு மும்பைக் குடிசைவாசிகள் பதாகை ஏந்தினர். பத்திரிகைகள் அதை நுண்ணுணர்வற்ற கோபமாக எழுதின. 1985இல் ஒரு பெண் தனியாகக் கேட்டதையே 2009இல் ஒரு கூட்டம் கேட்டது என்று எழுதியவர் அரிது.

கடைசியாக 2023. கோவண்டியில் நட்வர் பாரிக் காம்பவுண்ட் என்றொரு மறுகுடியமர்வுக் குடியிருப்பு இருக்கிறது. நகரின் சாலை, ரயில் திட்டங்களுக்காக வெவ்வேறு இடங்களிலிருந்து பெயர்க்கப்பட்டவர்களை அடுக்கிய நெருக்கமான கட்டடங்கள். கீழ்த்தளங்களில் வெளிச்சம் எட்டாது. ஜனதா காலனியின் கதையே மாடி வைத்துக் கட்டப்பட்டது போலிருக்கும். அங்கே அவ்வாண்டு பிப்ரவரியில் ‘கோவண்டி கலைவிழா’ ஐந்து நாள் நடந்தது. கம்யூனிட்டி டிசைன் ஏஜென்சி என்னும் அமைப்பும் பிரிட்டனின் பிரிஸ்டலைச் சேர்ந்த லாம்ப்லைட்டர் கலைக் குழுவும் சேர்ந்து, பிரிட்டிஷ் கவுன்சிலின் ஆதரவுடன் அதை அமைத்தன. அங்கு வாழும் இளைஞர்கள் பல மாதங்கள் நாடகம், ராப், புகைப்படம், திரைப்படம் ஆகியவற்றில் பயிற்சி பெற்று, தாங்கள் செய்ததைத் தங்கள் கட்டடங்களுக்கு நடுவிலேயே காட்டினர். பிள்ளைகள் காகித விளக்குகள் ஏந்தி ஊர்வலம் போயினர். அயல்நாட்டு நிதி, அயல்நாட்டுக் கூட்டாளி என்று இதைக் குறைகூற இடமுண்டு. நிதி நின்றபின் என்ன நிற்கும் என்பது நியாயமான கேள்வி. ஆனால் எடுப்பவர், எடுக்கப்படுபவர், பார்ப்பவர் மூவரும் ஒரே குடியிருப்பினராக இருந்த விழா இச்சாலையில் இதற்குமுன் நடந்ததாகப் பதிவு காண்பது கடினம்.

ஆர்.கே. ஸ்டூடியோ 2017 செப்டம்பரில் தீக்கிரையாயிற்று. 2019இல் அதன் 2.2 ஏக்கர் நிலத்தைக் கோத்ரெஜ் பிராப்பர்ட்டீஸ் வாங்கியது. அதன் வரலாற்றை எழுத நூல்கள் உண்டு, சுவரொட்டிகள் உண்டு, விருதுப் பட்டியல்கள் உண்டு. திரைப்படச் சங்கங்களுக்கு நிகழ்ச்சி நிரல்களும் இதழ்களும் உண்டு. சந்தில் கட்டிய துணித்திரைக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. எந்த இரவில், எந்தச் சந்தில், எந்தப் படம், யார் மின்சாரம் கொடுத்தார், சுருள் மாற்றிய இடைவெளியில் யார் என்ன சொன்னார் என்பதெல்லாம் பார்த்தவர்களின் நினைவில் மட்டுமே உள்ளது. ஜனதா காலனி பெயர்க்கப்பட்ட 1976 மே மாதத்தில் பத்து வயதாக இருந்த பிள்ளைக்கு இப்போது ஏறக்குறைய அறுபது வயது. அவர்களில் பலர் இன்றும் சீதா கேம்ப்பில்தான் வாழ்கின்றனர்.